ரோட்டா வைரஸ் வயிற்றோட்டம்: வைத்தியசாலைச் சுமையும் தடுப்பு மருந்தின் செலவும்

குளிர்காலம் முடிந்து இளவேனில் தொடங்கும் மாதங்களில் கைக்குழந்தைகளும் சிறு குழந்தைகளும் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் பாதிக்கப்படுவது சுவிற்சர்லாந்தில் ஆண்டுதோறும் காணப்படுகிறது. இதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று ரோட்டா வைரஸ். இந்நோய்க்கு எதிரான தடுப்பு மருந்து 2024ஆம் ஆண்டு முதல் சுவிஸ் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெறுகின்றது. எனினும், அதனைப் பெற்றுக்கொள்வதற்கான காலம் மிகக் குறுகியது. குழந்தைக்கு 24 வாரங்கள் நிறைவடைந்த பின்னர் அவ்வாய்ப்பு திரும்ப வருவதில்லை. திரிம்பாக்கில் வாழும் தமிழ்ப் பெற்றோர் காலம் தாழ்த்தாது முடிவெடுப்பதற்கு உதவும் பொருட்டு, நோயின் இயல்பு, வைத்தியசாலைச் சிகிச்சை, தடுப்பு மருந்து, அவற்றின் செலவுகள் ஆகியன இங்கு விளக்கப்படுகின்றன.

நோயின் இயல்பு

1973ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ரூத் பிஷப் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கடும் வயிற்றோட்டத்துடன் அனுமதிக்கப்பட்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுக்களை மின்னணு நுண்நோக்கியில் ஆராய்ந்தபோது இவ்வைரஸைக் கண்டறிந்தனர். அதன் தோற்றம் சக்கரத்தை ஒத்திருந்தமையால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘ரோட்டா’ என்பதே அதன் பெயராயிற்று.

நோயுற்ற குழந்தையின் மலத்தில் வைரஸ் பெருமளவில் வெளியேறுகின்றது. அது கைகள், விளையாட்டுப் பொருட்கள், உடைமாற்றும் மேசை, கதவுப்பிடி ஆகியவற்றின் வழியாக மற்றொரு குழந்தையின் வாயை அடைகின்றது. நோயை உண்டாக்க மிகச் சிறிய அளவு வைரஸே போதுமானது. எனவே தூய்மையான குடிநீரும் சிறந்த கழிவகற்றலும் உள்ள நாடுகளிலும் இந்நோய் பரவுகின்றது. தடுப்பு மருந்து பெறாத குழந்தைகளுள் ஏறத்தாழ அனைவரும் ஐந்து வயதை எட்டுமுன் ஒரு முறையேனும் இதனால் தொற்றுக்குள்ளாவர். இவ்வகையில் வசதியுள்ள இல்லத்துக்கும் வசதி குறைந்த இல்லத்துக்கும் வேறுபாடு இல்லை. ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்தமை அக்குடும்பத்தின் தூய்மைக் குறைவைக் காட்டுவதும் அன்று.

தொற்று ஏற்பட்டு ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் காய்ச்சலும் வாந்தியும் தோன்றும். அதனைத் தொடர்ந்து நீராக வயிற்றோட்டம் ஏற்பட்டு, மூன்று முதல் எட்டு நாட்கள் வரை நீடிக்கும். முதல் தொற்றே பெரும்பாலும் கடுமையானது. பின்னர் வரும் தொற்றுக்கள் படிப்படியாக இலகுவாகின்றன. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளே அதிகமாகப் பாதிப்படைகின்றனர்.

வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது ஏன்

வைரஸை அழிக்கும் சிறப்பு மருந்து எதுவும் இல்லை. பற்றீரியாக்களுக்கு எதிரான அன்ரிபயோற்றிக் மருந்துகளும் இதற்குப் பயனளிக்கமாட்டா. குழந்தையின் உயிருக்கு ஆபத்தை உண்டாக்குவது, வைரஸைக் காட்டிலும், அது விளைவிக்கும் நீரிழப்பே ஆகும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு லீற்றர் நீர் குறைவது களைப்பைத் தரும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் அதே அளவு நீர் குறைந்தால் அது அவசர நிலையாகும். வாந்தி நிற்காதபோது வாய்வழியாகக் கொடுக்கப்படும் நீரும் தங்குவதில்லை.

வைத்தியசாலையில் முதலில் குழந்தையின் எடை அளக்கப்பட்டு, முந்தைய எடையுடன் ஒப்பிடப்படும். இதனால், அண்மையில் எடை குறிக்கப்பட்ட சுகாதாரப் பதிவேட்டை உடன் எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பெரிதும் உதவும். நீரிழப்பின் அளவைப் பொறுத்து, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர்க்கரைசல் கரண்டியாலோ, மூக்கின் வழியாக வயிற்றுக்குச் செலுத்தப்படும் மெல்லிய குழாயாலோ கொடுக்கப்படும். தேவைப்படின் நாளத்தின் வழியாகச் சேலைன் ஏற்றப்படும். பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில் குணமடைந்து வீடு திரும்புகின்றனர். சுவிற்சர்லாந்தில் இந்நோயால் உயிரிழப்பு ஏற்படுவது மிக அரிது.

ஆயினும், அச்சில நாட்கள் குடும்பத்துக்கும் வைத்தியசாலைக்கும் சுமையானவை. ரோட்டா வைரஸ் நோயுற்ற குழந்தையை ஏனைய குழந்தைகளிடமிருந்து பிரித்துத் தனியறையில் வைத்திருத்தல் வேண்டும். அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் தாதியர் பாதுகாப்பு உடை அணிகின்றனர். வேறு நோய்க்காக அனுமதிக்கப்பட்ட குழந்தைக்கும் விடுதியிலேயே இந்நோய் தொற்றக்கூடும். சளிக்காய்ச்சலும் சுவாசத்தொற்றுக்களும் குழந்தைகள் விடுதிகளை நிறைக்கும் அதே மாதங்களை ஒட்டியே ரோட்டா வைரஸும் பரவுவதனால், படுக்கைத் தட்டுப்பாடு மேலும் கூடுகின்றது.

திரிம்பாக்குக்கு அண்மையில், குழந்தைகளுக்கான தங்கு சிகிச்சை விடுதிகள் ஆராவ் மாநில வைத்தியசாலையிலும், பாசலிலுள்ள பல்கலைக்கழகச் சிறுவர் வைத்தியசாலையிலும், பேர்ண் இன்செல் வைத்தியசாலையிலும் உள்ளன. இவை மூன்றும் சொலத்தூர்ன் மாநில எல்லைக்கு அப்பால் அமைந்தவை. வேறு மாநிலத்துக்குச் சென்றால் செலவு தம்மைச் சாரும் என்னும் அச்சம் சில குடும்பங்களிடம் உண்டு. அவசர நிலையிலும், தேவையான சிகிச்சை சொந்த மாநிலத்தில் கிடைக்காத நிலையிலும், வேறு மாநில வைத்தியசாலையின் தங்கு சிகிச்சைக்கும் அடிப்படைக் காப்புறுதியும் சொந்த மாநிலமும் செலவை ஏற்கின்றன. இவ்வச்சத்தால் தாமதித்தல் ஆகாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இலேசான வயிற்றோட்டத்தை வீட்டிலேயே கவனிக்கலாம். இலங்கையில் ‘ஜீவனி’ என்னும் பெயரில் அறியப்பட்ட பொதி போன்றதொரு நீர்க்கரைசல் மருந்து, சுவிஸ் மருந்தகங்களில் ‘நோர்மோலித்தோறால்’ முதலிய பெயர்களில் கிடைக்கின்றது. பொதியில் குறிப்பிட்டுள்ள அளவு நீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும். நீரைக் கூட்டுவதும் குறைப்பதும் தீங்கானவை. குழந்தை வாந்தி எடுப்பினும், ஒரு சிறு கரண்டி வீதம் ஓரிரு நிமிட இடைவெளியில் தொடர்ந்து கொடுக்கலாம். ஒரே முறையில் அதிகம் பருகச் செய்தால் வாந்தி மீண்டும் தூண்டப்படும்.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. சேலைன் தீர்ந்துபோன நிலையில், வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர்களே நோயாளருக்குப் பருகக் கொடுக்குமாறு செய்தார். உயிரிழப்பு பெருமளவு குறைந்தது. அதே எளிய முறையே இன்றும் உலகெங்கும் வயிற்றோட்டச் சிகிச்சையின் அடித்தளமாக உள்ளது.

தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது. இடையிடையே தொடர்ந்து கொடுத்தல் வேண்டும். ‘வயிற்றுக்கு ஓய்வு கொடுப்போம்’ என்று உணவையும் நீரையும் நிறுத்திவைக்கும் பழக்கம் குழந்தையின் நிலையை மோசமாக்கும். திட உணவு உண்ணும் குழந்தைக்கு, வாந்தி தணிந்ததும், வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மசித்த சோறும் கஞ்சியும் அவற்றுள் அடங்கும். ஆனால் வெறும் கஞ்சித்தண்ணீர், பிளேன்ரீ, பழச்சாறு, கோலா ஆகியன நீர்க்கரைசல் மருந்துக்கு ஈடாகமாட்டா. அவற்றில் உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் இல்லை. மிகுதியான சர்க்கரை வயிற்றோட்டத்தை அதிகரிக்கவும் கூடும். வளர்ந்தோர் உட்கொள்ளும் வயிற்றோட்டத் தடை மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் அறவே கூடாது.

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்றேனும் தோன்றினால் உடனடியாகக் குழந்தை வைத்தியரை அல்லது அவசர சிகிச்சைப் பிரிவை நாடுதல் வேண்டும்:

– ஆறு முதல் எட்டு மணிநேரம் வரை சிறுநீர் கழியாமை, உடைத்துணி நனையாமை
– அழும்போது கண்ணீர் வராமை, வாயும் நாக்கும் வறண்டிருத்தல்
– கண்கள் குழிவிழுதல், உச்சிக்குழி உள்வாங்கியிருத்தல்
– குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடத்தல், எழுப்புவதற்குக் கடினமாயிருத்தல்
– மலத்தில் இரத்தம் அல்லது பச்சை நிற வாந்தி
– பருகும் எதுவும் தங்காமை
– மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்

குழந்தை நினைவிழக்கும் நிலையிலோ, எழுப்ப இயலாத நிலையிலோ இருப்பின் 144 என்னும் இலக்கத்தை அழைத்தல் வேண்டும்.

சுவிற்சர்லாந்து தாமதித்தமை ஏன்

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே எல்லா நாடுகளும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைத் தம் தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. அண்டை நாடான ஒஸ்திரியா அதற்கும் முன்னரே, 2007இல், ஐரோப்பாவில் முதன்மையாக அதனை அனைத்துக் குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஜேர்மனியும் பிரித்தானியாவும் 2013இல் இணைந்தன. சுவிற்சர்லாந்தின் பரிந்துரை 2024இலேயே நடைமுறைக்கு வந்தது.

இத்தாமதத்தின் பின்னணியில் ஒரு கணக்கு உண்டு. இந்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 குழந்தைகள் பிறக்கின்றனர். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வேளை மருந்து வழங்குவதாயின் அதன் விலையைக் காப்புறுதி செலுத்தும் அனைவரும் சேர்ந்தே சுமத்தல் வேண்டும். உயிரிழப்பு மிக அரிதாக உள்ள நாட்டில், தவிர்க்கப்படும் வைத்தியசாலைச் செலவு மட்டுமே அதற்கு எதிர்த்தட்டில் வைக்கப்பட்டால், தராசு எளிதில் தடுப்பு மருந்தின் பக்கம் சாய்வதில்லை. வைத்தியரிடம் செல்லும் தடவைகள், அவசரப்பிரிவு வருகைகள், பெற்றோர் இழக்கும் வேலைநாட்கள், விடுதியிலேயே தொற்றுக்குள்ளாகும் ஏனைய குழந்தைகள் ஆகியனவும் சேர்க்கப்படும்போது கணக்கு மாறுகின்றது. ஆகவே, மருந்து பயனுள்ளதா என்பதில் ஐயம் எழுந்தமையால் நேர்ந்த தாமதமாக இதனைக் கருதுதல் தவறு. எச்செலவுகளைக் கணக்கில் எடுப்பது என்பதே விவாதத்தின் மையமாயிருந்தது.

பிற நாடுகளின் அனுபவம் தெளிவானது. இங்கிலாந்திலும் வேல்சிலும் தடுப்பு மருந்து அறிமுகமாகுமுன் ஐந்து வயதுக்குட்பட்டோருள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,700 பேர் இந்நோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 2013இல் மருந்து அறிமுகமானதைத் தொடர்ந்து வந்த முதற் பருவத்திலேயே ஆய்வுகூடங்களில் உறுதிசெய்யப்பட்ட தொற்றுக்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தன. மருந்து பெறாத மூத்த குழந்தைகளிடையேயும் நோய் குறைந்தமை, பரவற்சங்கிலி அறுபட்டதைக் காட்டியது.

தமிழ் நிலங்களின் அனுபவம்

வறிய நாடுகளில் இவ்வைரஸ் உயிர்க்கொல்லியாகவே விளங்கியது. 2013ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 2,15,000 குழந்தைகள் இந்நோயால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்களுள் ஐவருள் ஒருவருக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் தலைமையில் நடைபெற்ற நீண்டகால ஆய்வுகள், அங்குள்ள குழந்தைகள் மீண்டும் மீண்டும் தொற்றுக்குள்ளாவதை வெளிப்படுத்தின. 1980களில் தில்லியில் பிறந்த குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு வைரஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு ‘ரோட்டாவேக்’ என்னும் இந்தியத் தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது பரிசோதிக்கப்பட்டது. ஒரு வேளை ஒரு டொலர் என்னும் விலையில் அது அரசுக்கு வழங்கப்படும் என உறுதியளிக்கப்பட்டது. 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய இந்தியத் திட்டம் 2017இல் தமிழ்நாட்டையும் எட்டியது.

இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இம்மருந்து நெடுங்காலம் இடம்பெறவில்லை. எனவே, அங்கு பிள்ளைகளை வளர்த்த பாட்டன் பாட்டியர் இதனைப் பற்றிக் கேள்விப்படாதிருப்பது இயல்பு. ‘எங்கள் பிள்ளைகளுக்கு இது கொடுக்கவில்லையே’ என்னும் அவர்களுடைய சொல் உண்மையானதே. அக்காலத்தில் இம்மருந்து இருக்கவில்லை. குழந்தை சில மாதங்களுக்குள் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ பயணம் செய்யவிருப்பின், அதனையும் வைத்தியரிடம் தெரிவித்தல் நன்று.

தடுப்பு மருந்து: எப்போது, எவ்வாறு

பேச்சுவழக்கில் இதுவும் ‘ஊசி’ என்றே அழைக்கப்பட்டாலும், இது ஊசியாகச் செலுத்தப்படுவதன்று. போலியோச் சொட்டு மருந்து போன்று வாய்வழியாகக் கொடுக்கப்படும் திரவம். நோயை உண்டாக்காதவாறு வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் அதில் உள்ளது. சுவிற்சர்லாந்தில் பரிந்துரைக்கப்படும் மருந்தின் பெயர் ‘ரோட்டாரிக்ஸ்’. அது இரண்டு வேளைகளாக வழங்கப்படுகின்றது.

முதல் வேளையைக் குழந்தைக்கு ஆறு வாரம் நிறைந்த நாள் முதல் கொடுக்கலாம். இரு வேளைகளுக்கும் இடையில் குறைந்தது நான்கு வாரங்கள் இருத்தல் வேண்டும். இரண்டாவது வேளை 24 வாரங்களுக்குள் முடிவுறல் வேண்டும். எனவே, 20 வாரங்கள் கடந்தபின் முதல் வேளையைத் தொடங்கினால் இரண்டாவது வேளைக்கு இடமிருக்காது. குழந்தையின் முதலாவது அடிப்படைத் தடுப்பூசிகள் வழங்கப்படும் இரண்டாம் மாத வருகையிலேயே இதனையும் தொடங்குவது எளிது. மற்றத் தடுப்பூசிகளுடன் ஒரே நாளில் வழங்குவதற்குத் தடையில்லை. தாய்ப்பால் கொடுப்பதும் மருந்துக்கு இடையூறன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், கருவுற்று 27 வாரங்களுக்குப் பின் பிறந்தவர்களாயின், இம்மருந்தை வழங்கலாம். வயது, பிறந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

சுவிஸ் அட்டவணை தடுப்பூசிகளை ‘அடிப்படைத் தடுப்பூசிகள்’ என்றும் ‘துணைத் தடுப்பூசிகள்’ என்றும் வகுக்கின்றது. ரோட்டா வைரஸ் மருந்து இரண்டாவது வகையைச் சார்ந்தது. தம் குழந்தைக்கு மேலதிகப் பாதுகாப்பை நாடும் பெற்றோருக்கென அது பரிந்துரைக்கப்படுகின்றது என்பதே இதன் பொருள். ‘தேவையற்றது’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. இம்மருந்தைப் பெறுவது கட்டாயமன்று, முடிவு பெற்றோருடையது. குறுகிய வருகை நேரத்தில் வைத்தியர் இதனைக் குறிப்பிடாது விடவும் கூடும் என்பதால், பெற்றோரே கேட்டறிதல் சிறந்தது.

ஐரோப்பாவில் நடைபெற்ற ஆய்வில், இம்மருந்து இரண்டு பருவங்கள் வரை கடுமையான ரோட்டா வைரஸ் நோயிலிருந்து ஏறத்தாழ 90 சதவீதப் பாதுகாப்பை அளித்தது. இலேசான வயிற்றோட்டம் முற்றிலும் வராது என்பது இதன் பொருளன்று. பிற வைரஸ்களால் ஏற்படும் வயிற்றோட்டத்தையும் இது தடுப்பதில்லை.

மருந்து கொடுத்த பின்னர் சில நாட்கள் குழந்தையின் மலத்தில் மருந்திலுள்ள வைரஸ் வெளியேறும். எனவே உடைத்துணி மாற்றியபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் அவசியம். இல்லத்தில் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர் எவரேனும் இருப்பின், இதனை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

பக்கவிளைவுகளும் எச்சரிக்கையும்

சிறிது எரிச்சல், தற்காலிக வயிற்றோட்டம் ஆகியன சில குழந்தைகளிடம் காணப்படலாம். அரிதாயினும் முக்கியமானது ‘குடல் செருகல்’ ஆகும். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கிக் குழாய் போலச் செருகிக்கொள்ளும் நிலை இது. தடுப்பு மருந்து பெறாத குழந்தைகளிடமும் முதலாம் ஆண்டில் இது நிகழ்வதுண்டு.

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழங்கப்பட்ட முந்தைய ரோட்டா வைரஸ் மருந்தொன்று இக்காரணத்தாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் உருவாக்கப்பட்ட மருந்துகள் பல்லாயிரக்கணக்கான குழந்தைகளிடம் இந்த ஒரு கேள்விக்காகவே பரிசோதிக்கப்பட்டன. இன்றைய மருந்துகளால் ஒரு இலட்சம் குழந்தைகளுள் ஒன்று முதல் ஆறு வரையானோருக்கு மேலதிகமாகக் குடல் செருகல் ஏற்படக்கூடும் என மதிப்பிடப்படுகின்றது. வயது ஏறும்போது குடல் செருகலின் இயல்பான நிகழ்வும் ஏறுவதனாலேயே மருந்தை இளவயதிலேயே, இயன்றவரை 16 வாரங்களுக்கு முன்னர், கொடுத்து முடிக்குமாறு கூறப்படுகின்றது. 24 வாரம் என்னும் எல்லையின் காரணமும் இதுவே. அது ஓர் அலுவலக விதி மட்டுமன்று.

மருந்து கொடுத்தபின், குறிப்பாக முதல் வாரத்தில், குழந்தை விட்டுவிட்டுக் கடுமையாக அழுது கால்களை வயிற்றை நோக்கி இழுத்தல், தொடர்ச்சியான வாந்தி, மலத்தில் இரத்தம், வயிற்று வீக்கம் ஆகியன தோன்றினால் தாமதமின்றி வைத்தியரை நாடுதல் வேண்டும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்றியே இதனைச் சரிசெய்ய முடியும்.

முன்னர் குடல் செருகல் ஏற்பட்ட குழந்தைக்கும், குடலில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கும், பிறவியிலேயே கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் இம்மருந்து வழங்கப்படுவதில்லை. தாய் கருவுற்ற காலத்தில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைப் பெற்றிருந்தால் அதனையும் வைத்தியரிடம் தெரிவித்தல் கட்டாயம். குழந்தைக்குக் கடும் காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருக்கும் நாளில் மருந்து பின்போடப்படும்.

செலவு: எவர், எவ்வளவு

பிறந்த குழந்தையை மூன்று மாதத்துக்குள் அடிப்படை மருத்துவக் காப்புறுதியில் (‘கிராங்கன்காச’) பதிவுசெய்தல் பெற்றோரின் சட்டக் கடமை. உரிய காலத்தில் பதிவுசெய்தால் காப்புறுதி பிறந்த நாளிலிருந்தே செல்லுபடியாகும். ஆறாவது வாரத்தில் மருந்து வழங்கப்பட்டு, எட்டாவது வாரத்தில் பதிவு நிறைவேறினாலும், செலவு ஏற்கப்படும்.

தடுப்பு மருந்தின் செலவு. பரிந்துரைக்கு அமைய வழங்கப்படும் ரோட்டா வைரஸ் மருந்தின் செலவை அடிப்படைக் காப்புறுதி ஏற்கின்றது. துணைத் தடுப்பூசி என்பதனால் முழுச் செலவும் பெற்றோரையே சாரும் என்னும் கருத்து தவறானது. குழந்தைகளுக்குச் சட்டப்படியான ஆண்டுக் கழிவுத்தொகை (‘பிரான்சீச’) இல்லை. பெற்றோர் தாமாகவே 100 முதல் 600 பிராங்க் வரையான கழிவுத்தொகையைத் தெரிவு செய்திருந்தால் மட்டுமே அது கணக்கிடப்படும். எஞ்சுவது 10 சதவீதத் தற்பங்கு (‘செல்ப்ஸ்ட்பெஹால்ட்’) மட்டுமே. எடுத்துக்காட்டாக, வருகைக்கும் மருந்துக்குமாக 200 பிராங்க் கணக்குச்சீட்டு வந்தால், பெற்றோரின் பங்கு 20 பிராங்க் ஆகும். ஒரு குழந்தைக்கான தற்பங்கு ஆண்டொன்றுக்கு 350 பிராங்கைத் தாண்டாது.

வைத்தியசாலைச் செலவு. தங்கு சிகிச்சையின் செலவில் குறைந்தது 55 சதவீதத்தை மாநிலமும், அதிகபட்சம் 45 சதவீதத்தைக் காப்புறுதி நிறுவனமும் ஏற்கின்றன. பெற்றோரின் பங்கு இங்கும் மேற்கூறிய 10 சதவீதத் தற்பங்கே. அதற்கும் 350 பிராங்க் ஆண்டு எல்லை பொருந்தும். வளர்ந்தோரிடம் அறவிடப்படும் நாளொன்றுக்கு 15 பிராங்க் வைத்தியசாலைப் பங்களிப்பு குழந்தைகளுக்கு இல்லை. தங்கு சிகிச்சைக்கான கணக்கு வழக்கமாக வைத்தியசாலையிலிருந்து நேரடியாகக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பப்படுகின்றது. இல்லத்துக்கு வரும் பல்லாயிரம் பிராங்க் கணக்குச்சீட்டு பெரும்பாலும் பெற்றோரின் தகவலுக்கான பிரதியே. அதில் பணம் செலுத்தும் படிவம் இணைக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

அம்புலன்ஸ் செலவு. மருத்துவத் தேவைக்கான போக்குவரத்துச் செலவில் பாதியை, ஆண்டொன்றுக்கு 500 பிராங்க் வரை, அடிப்படைக் காப்புறுதி ஏற்கின்றது. உயிராபத்தில் மீட்கப்படும்போது மீட்புச் செலவில் பாதியை, ஆண்டொன்றுக்கு 5,000 பிராங்க் வரை, அது ஏற்கின்றது. எஞ்சிய பகுதியை ஏற்கும் மேலதிகக் காப்புறுதி குழந்தைக்கு உண்டா என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. எனினும், உயிராபத்து அறிகுறி தோன்றும்போது செலவை எண்ணி 144ஐ அழைக்கத் தயங்குதல் கூடாது.

காப்புறுதிக் கட்டணம் செலுத்த இயலாதோர். குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்கான மாதக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை மாநிலம் குறைத்தல் வேண்டும் என்பது மத்தியச் சட்டத்தின் ஏற்பாடு. குழந்தை பிறந்தவுடன் குடும்ப நிலை மாறுவதனால், முன்னர் இச்சலுகை கிடைக்காதோரும் மீண்டும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். பெற்றோர் செலுத்தத் தவறிய குழந்தைக் காப்புறுதிக் கட்டணக் கடன், 2024 முதல், குழந்தை வளர்ந்தபின்னும் அக்குழந்தையின் மீது சுமத்தப்படுவதில்லை.

வேலையும் வருமானமும்

வைத்தியசாலைக் கணக்கில் தோன்றாத செலவு, பெற்றோர் இழக்கும் வேலைநாட்களே. நோயுற்ற குழந்தையைப் பராமரிப்பதற்காக, வைத்தியச் சான்றிதழின் அடிப்படையில், ஒரு நோய்க்கு மூன்று நாட்கள் வரை விடுப்பு வழங்கத் தொழில்வழங்குநர் கடமைப்பட்டவர். இவ்விடுப்பு ஊதியத்துடன் கூடியது. 2021 முதல் இது கடப்பாட்டுச் சட்டத்திலும் தெளிவாக இடம்பெற்றுள்ளது. மணித்தியாலக் கூலி பெறுவோரும் பகுதிநேரப் பணியாளரும் இவ்வுரிமைக்கு உட்பட்டவர்களே. வேலைக்குச் செல்ல இயலாது என்பதை அன்றே அறிவித்து, சான்றிதழைப் பின்னர் ஒப்படைக்கலாம். குழந்தையை நோயுடன் காப்பகத்துக்கோ விளையாட்டுக் குழுவுக்கோ அனுப்புவது ஏனைய குழந்தைகளுக்கும் நோயைப் பரப்பும். ஆலயத் திருவிழாவுக்கும் குடும்ப விழாக்களுக்கும் இது பொருந்தும்.

தடுப்பூசியால் பாதிப்பு ஏற்பட்டால்

அரச அதிகாரிகளால் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசியால் ஒருவருக்குக் கடும் உடற்பாதிப்பு ஏற்பட்டு, வேறு வழிகளில் இழப்பீடு கிடைக்காவிடின், தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் மத்திய அரசிடம் இழப்பீடு கோரலாம். மன வேதனைக்கான நிதியும் 70,000 பிராங்க் வரை வழங்கப்படக்கூடும். பாதிக்கப்பட்டவர் 21 வயதை நிறைவுசெய்யும் வரையோ, தடுப்பூசி பெற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள்ளோ விண்ணப்பித்தல் வேண்டும். இத்தகைய நிகழ்வுகள் மிக அரிது; ஆயினும் உரிமை உண்டு என்பதை அறிந்திருத்தல் தக்கது. தடுப்பூசிப் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருப்பதன் தேவையும் இதனால் விளங்கும்.

பெற்றோர் நினைவில் இருத்த வேண்டியவை

1. குழந்தை பிறந்த வாரத்திலேயே நாட்காட்டியில் மூன்று நாட்களைக் குறித்தல்: 6ஆவது வாரம், 20ஆவது வாரம், 24ஆவது வாரம்.

2. இரண்டாம் மாத வருகைக்குக் குழந்தை வைத்தியரிடம் முன்கூட்டியே நேரம் பெற்று, ரோட்டா வைரஸ் மருந்தைப் பற்றிக் கேட்டல்.

3. மொழி தடையாயிருப்பின், நேரம் பெறும்போதே மொழிபெயர்ப்பாளர் தேவை எனக் கூறுதல். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கச் செய்வது பொருத்தமன்று.

4. நீர்க்கரைசல் மருந்துப் பொதிகள் சிலவற்றை வீட்டில் வைத்திருத்தல். நள்ளிரவில் மருந்தகம் திறந்திராது.

5. குழந்தையின் எடை, தடுப்பூசி விபரம் ஆகியன பதியப்பட்ட ஏடுகளையும் காப்புறுதி அட்டையையும் ஒரே இடத்தில் வைத்தல்.

6. தாய் தந்தையர் ஆலோசனைச் சேவையை நாடுதல். அங்கு குழந்தையின் எடையை அளவிடுவதுடன், உணவு, நோய், தடுப்பூசி பற்றிய வினாக்களுக்கும் விடை பெறலாம்.

தடுப்பு மருந்தைக் கொடுக்க முடிவு செய்யும் பெற்றோரும், வேண்டாமென முடிவு செய்யும் பெற்றோரும், நீரிழப்பின் அறிகுறிகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது. 24 வாரம் கடந்தபின் முதலாவது தெரிவு கைநழுவிவிடும். முடிவு எதுவாயினும், காலம் கடந்தமையால் தானாக நேர்ந்ததாக அது அமையாமல், பெற்றோர் அறிந்து எடுத்ததாக அமைதல் வேண்டும்.